மதியமானால் மூச்சு வாங்கும் ஜேசிபி: பழைய மெஷினில் அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

முன்னால் அள்ளும் பக்கெட், பின்னால் தோண்டும் பக்கெட் இரண்டும் இருந்தால் போதும், எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் சென்னையில் அதற்குப் பெயர் ஜேசிபி. பேச்சுக்கு அது சரி. பார்ட்ஸ் கடை கவுன்டரில் இதுவே முதல் குழப்பம். "ஜேசிபிக்கு பம்ப் கிட் கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்து, சைட்டில் பிரித்துப் பார்த்தால் வண்டி கேஸ் 770 ஆகவோ டெரெக்ஸாகவோ இருக்கும். ஜேசிபியிலேயே பழைய 3டி, அதற்குப் பின் வந்த 3டிஎக்ஸ், அதில் கிர்லோஸ்கர் இன்ஜின் வைத்தது, ஜேசிபியின் சொந்த டீசல்மேக்ஸ் இன்ஜின் வைத்தது என்று வகைகள் உண்டு. வெளியே மஞ்சள் ஒன்றுதான், உள்ளே ஒன்றல்ல.

எட்டாயிரம், பத்தாயிரம் மணி நேரம் ஓடிய மெஷினில் பணம் கரைவது பழுதினால் மட்டும் இல்லை. "இதை மாத்திப் பார்ப்போம், அப்புறம் அதை மாத்திப் பார்ப்போம்" என்ற வைத்தியத்தில்தான் பாதிக்கு மேல் போகிறது. கீழே உள்ளது அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி. காசு செலவில்லாத சோதனை முதலில், பிரித்துப் பார்ப்பது கடைசியில்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

இரண்டு பக்கெட்டும் தரையில் இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தியபின் எல்லா லீவரையும் முன்னும் பின்னும் நாலைந்து முறை ஆட்டி, லைனில் அடைபட்டிருக்கும் அழுத்தத்தை இறக்குங்கள். முன் பக்கெட்டைத் தாங்கும் முன் கைகளைத் தூக்கி வைத்து அடியில் வேலை பார்ப்பதாக இருந்தால், சிலிண்டர் ராடு மேல் மாட்டும் இரும்புத் தாங்கி கட்டாயம் மாட்ட வேண்டும். பழைய மெஷின்களில் பெரும்பாலும் அது தொலைந்துபோயிருக்கும். புதிதாகச் செய்து மாட்டுங்கள். சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுப்பது பாதுகாப்பு இல்லை.

ஓஸில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்து ஆயில் புகை மாதிரி பீய்ச்சினால் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. 200 பார் அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அட்டைத் துண்டைக் காட்டிக் கசிவைத் தேடுங்கள். தோலுக்குள் ஆயில் போய்விட்டால் வலி இல்லை என்று உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே, அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அறிகுறி: காலையில் நன்றாகத் தோண்டுகிறது, மதியத்துக்கு மேல் பவர் இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தவறாகப் பார்க்கப்படுவதும் இதுதான். பக்கெட்டை அசைக்கும் ஹைட்ராலிக் ஆயில் சூடானால் மெலியும். தேய்ந்த இடங்களின் இடைவெளி வழியே காலையில் கெட்டியாக நின்ற ஆயில், மதியம் தண்ணீர் மாதிரி ஓடிவிடும். கசிவு எங்கே என்பதுதான் கேள்வி.

முதலில் இதைக் கவனியுங்கள்: எல்லா வேலையிலும் பலம் குறைகிறதா, ஒன்றில் மட்டுமா? முன் பக்கெட், பின் பக்கெட், கால் ஜாக் (தோண்டும்போது தரையில் ஊன்றும் கால்) எல்லாம் சேர்ந்து சோர்ந்தால் காரணம் பொதுவான இடத்தில் இருக்கிறது: ஆயில், சக்ஷன் லைன், பம்ப், மெயின் ரிலீஃப் வால்வ் (அழுத்தம் அளவுக்கு மேல் போனால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ்). டிப்பர் (பின் பக்கெட்டைப் பிடித்திருக்கும் கை) மட்டும், அல்லது ஸ்விங் (பின் பக்கத்தை இடம் வலம் திருப்புவது) மட்டும் என்றால் பம்பைத் தொடவே வேண்டாம். அந்தச் சிலிண்டர், அந்த ஸ்பூல் (லீவர் அசைக்கும், ஆயில் வழியைத் திறந்து மூடும் தண்டு), அந்த லைனுக்கான துணை ரிலீஃப் வால்வ் ஆகிய மூன்றில் ஒன்று.

எல்லாமே சோர்ந்தால் இந்த வரிசையில் போங்கள்.

1. ஆயில் மட்டம். மெஷின் சமதரையில், முன் பக்கெட் தரையில், பின் பக்கம் மடக்கி, கால் ஜாக் தூக்கிய நிலையில் பாருங்கள். சிலிண்டர்கள் நீட்டியிருக்கும்போது பார்த்தால் மட்டம் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் மடக்கியதும் டேங்கின் காற்றுத் துளையான பிரீதர் வழியே வழியும்.

2. ஆயிலின் நிறம். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர். நுரை மட்டும் மேலே நின்றால் காற்று. கருத்துத் தீய்ந்த வாடை வந்தால் நீண்ட நாளாகக் கொதித்திருக்கிறது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். நுரை தெளிந்துவிடும், கலங்கிய தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் தெளியாது.

3. ஆயிலின் கிரேடு. 46 (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) கேட்கும் மெஷினில் "இதுதான் ஸ்டாக்ல இருந்துச்சு" என்று 32 ஊற்றியிருந்தால், மார்கழியில் தெரியாத குறை கத்திரி வெயிலில் தெரியும். டேங்க் மூடியிலோ மேனுவலிலோ உள்ள கிரேடு மட்டும்.

4. சக்ஷன் லைன். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் தடித்த ஓஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே ரப்பர் உரிந்து மடங்கியிருக்கும். சூடானதும் அது இன்னும் சப்பையாகி வழியை அடைக்கும். பம்பிலிருந்து கூழாங்கல் உருள்கிற மாதிரிச் சத்தம் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். கிளாம்ப் இருக்கும் மூட்டைச் சுற்றிக் கெட்டியான கிரீஸைப் பூசுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் காற்று வாங்குகிறது. டேங்குக்குள் இருக்கும் சக்ஷன் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பார்க்காமல் பம்பைக் குறை சொல்லாதீர்கள்.

5. அழுத்தம். 400 பார் கேஜ் ஒன்றை டெஸ்ட் பாயின்ட்டில் மாட்டி, ஒரு சிலிண்டரைக் கடைசி வரை ஓட்டி லீவரைப் பிடித்துப் பாருங்கள். பழைய பேக்ஹோக்களில் (இந்த வகை மெஷினின் பொதுப் பெயர்) மெயின் ரிலீஃப் பெரும்பாலும் 200 முதல் 250 பாருக்குள் ஒரு எண். உங்கள் மாடலுக்குச் சரியான எண் மேனுவலில் இருக்கும். குளிர்ந்த ஆயிலில் ஒரு முறை, இரண்டு மணி நேரம் வேலை செய்தபின் ஒரு முறை எடுத்து எழுதி வையுங்கள்.

6. நேரம். பக்கெட் காலியாக, ஒரே ஆர்பிஎம்மில், முன் கைகள் தரையிலிருந்து உச்சிக்குப் போக எத்தனை வினாடி? காலையில் ஒன்று, சூட்டில் ஒன்று.

கடைசி இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அழுத்தம் சூட்டிலும் சரியாக வருகிறது, ஆனால் நேரம் நீள்கிறது என்றால் பம்ப் தேய ஆரம்பித்திருக்கிறது. அழுத்தமும் விழுந்து நேரமும் நீண்டால் பம்ப் நன்றாகவே தேய்ந்துவிட்டது. நேரம் அப்படியே இருக்க, பாரம் ஏறும்போது மட்டும் நின்றுபோனால் ரிலீஃப் வால்வைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது வால்வ் உட்காரும் சீட்டில் ஒரு பொடி மாட்டியிருக்கும். ஐந்து நிமிட வேலை.

கேஜ் இல்லாமல் ரிலீஃப் ஸ்க்ரூவை இறுக்குவது இங்கே பரவலான பழக்கம். "அரை சுத்து டைட் வெச்சேன், இப்ப பாருங்க" என்பார்கள். இரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஓஸ் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும், ஏற்கெனவே தேய்ந்த பம்ப் இன்னும் வேகமாகப் போகும். கேஜுக்குக் கொடுக்கும் காசு ஒரு ஓஸ் விலையோடு சமன்.

பம்ப் உடைந்து மாற்றினால் புதுப் பம்பை மட்டும் மாட்டி ஓட்டாதீர்கள். பழைய பம்பின் அலுமினியத் தூள் டேங்கிலும் லைனிலும் கிடக்கும். டேங்க் கழுவி, ஸ்ட்ரெய்னர் சுத்தம் செய்து, ரிட்டர்ன் ஃபில்டர் புதிது போட்டு, 50 மணி நேரம் ஓட்டிவிட்டு அந்த ஃபில்டரை மறுபடி மாற்ற வேண்டும். இதைச் செய்யாததால்தான் "புதுப் பம்ப் ஆறு மாசம்கூட வரல" என்ற பேச்சு வருகிறது.

அறிகுறி: டேங்கில் ஆயில் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை

கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கியர்பாக்ஸின் பின்பக்கம் பம்ப் மாட்டியிருக்கும் மாடல்களில் பம்ப் ஷாஃப்ட் சீல் போனால் ஹைட்ராலிக் ஆயில் நேரே கியர்பாக்ஸுக்குள் இறங்கும். அங்கே மட்டம் ஏறியிருந்தால் விஷயம் முடிந்தது. சீலை மாற்றி, கியர்பாக்ஸ் ஆயில் முழுவதையும் வடித்து, ஃபில்டரோடு புதிது ஊற்ற வேண்டும். கலந்த ஆயிலில் ஓட்டினால் அடுத்து கிளட்ச் தட்டுகள் வழுக்கும். சீல் போன காரணத்தையும் பாருங்கள். பம்ப் ஷாஃப்டில் விரலால் தள்ளினால் ஆட்டம் தெரிந்தால், புதுச் சீல் ஒரு மாதம் தாங்காது.

அறிகுறி: தூக்கி வைத்த கை தானாக இறங்குகிறது

இதற்குச் சிலிண்டரின் சீல் கிட் (கசிவைத் தடுக்கும் வளையங்களின் செட்) வாங்குவதுதான் வழக்கம். அது பாதி நேரம் தப்பான செலவு.

முன் கைகளின் பாரம் ராடை சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ராடு உள்ளே வர வேண்டுமென்றால் அது பிடிக்கும் இடத்துக்கு உண்டான ஆயில் சிலிண்டரை விட்டு வெளியே போயாக வேண்டும். பிஸ்டன் சீல் மட்டும் போயிருந்தால் ஆயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத்தான் போகும், வெளியே போக வழியில்லை. ஆக, கை இறங்குகிறது என்றால் கன்ட்ரோல் வால்வின் ஸ்பூலோ துணை ரிலீஃப் வால்வோ எங்கோ கசிகிறது. சீலும் போயிருந்தால் உள் அழுத்தம் கூடி அந்தக் கசிவை வேகப்படுத்தும். கிட் மாற்றியபின் கொஞ்சம் குறைந்த மாதிரித் தெரிந்து, ஒரு மாதத்தில் பழையபடி ஆவதற்கு இதுதான் காரணம்.

சந்தேகத்தைத் தீர்க்க நிச்சயமான சோதனை உண்டு. முன் கைகளை முழுவதும் இறக்கித் தரையில் வைத்து அழுத்தத்தை இறக்குங்கள். ஒரு லிஃப்ட் சிலிண்டரின் அடிப்பக்க ஓஸைக் கழற்றி, ஓஸ் வாயை இரும்பு பிளக் போட்டு மூடுங்கள். சிலிண்டரின் திறந்த வாய்க்குக் கீழே வாளி வையுங்கள். ஆள் விலகி நிற்க, இன்ஜினை ஐடிலில் ஓட்டி லீவரை "இறக்கு" பக்கம் பிடியுங்கள். முதலில் கொஞ்சம் வடியும், அது கணக்கில்லை. அதற்கு மேலும் தொடர்ந்து கம்பியாக ஓடினால் பிஸ்டன் சீல் போய்விட்டது. நின்றுவிட்டால் சிலிண்டர் நல்லது, வால்வைப் பாருங்கள். இரண்டு சிலிண்டரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

தோண்டும்போது கால் ஜாக் அமுங்குவது தனிக் கதை. அதில் ஆயிலைப் பூட்டி வைக்கும் செக் வால்வ் இருக்கும். கிட் வாங்கும் முன் அதைக் கழற்றி, ஓ-ரிங் வெட்டுப்பட்டிருக்கிறதா, சீட்டில் மணல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: சீல் கிட் புதிது, மூன்றே வாரத்தில் ராடு வழியே கசிவு

ராடைத் துணியால் துடைத்து நகத்தால் நெடுகக் கீறிக்கொண்டே போங்கள். நகம் தட்டும் இடம்தான் குற்றவாளி. எண்ணூர், ஈசிஆர் பக்கம் கடலோரத்தில் நிறுத்தி வைத்த மெஷின்களில் வெளியே நீண்டிருக்கும் ராடு மேல் உப்புக் காற்று பட்டுக் குரோம் பொரிந்து குழி விழும். அந்தக் குழி ஒவ்வொரு ஓட்டத்திலும் சீலை அறுக்கும். எத்தனை கிட் போட்டாலும் நிற்காது.

ஒற்றைக் குழி என்றால் ஓரத்தை எண்ணெய்க் கல்லில் மழுக்கி ஓட்டலாம். நிறைய இருந்தால் பழைய குரோமை எடுத்துக் கடினக் குரோம் பூசி கிரைண்ட் செய்ய வேண்டும், அல்லது ரெடிமேட் குரோம் ராடு வாங்கி லேத்தில் அளவுக்குக் கடைந்து, முனையில் பின் கோக்கும் கண் வைத்து வெல்ட் செய்ய வேண்டும். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் இரண்டுக்கும் பட்டறைகள் உண்டு. ராடு வளைந்திருக்கிறதா என்று வி-பிளாக்கில் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த ராடு மேல் குரோம் பூசுவது வீண்.

மெஷினை நாள்கணக்கில் நிறுத்தினால் முடிந்தவரை ராடுகள் உள்ளே இருக்கும்படி நிறுத்துங்கள். வெளியே நிற்கும் பகுதிக்கு கிரீஸ் பூசுங்கள். மறுபடி ஓட்டும் முன் அந்த கிரீஸைத் துடைக்க மறக்காதீர்கள். மண் ஒட்டிய கிரீஸ் அப்படியே சீலுக்குள் போகும்.

அறிகுறி: முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை

கியர்பாக்ஸை இறக்கும் முன் மூன்று மலிவான சந்தேகங்கள். ஒன்று, கியர் லீவரில் அல்லது லோடர் (முன் பக்கெட்) லீவரில் இருக்கும் டம்ப் பட்டன். அதை அழுத்தினால் கிளட்ச் விடுபடும். சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டால் வண்டி நியூட்ரலிலேயே நிற்கும். இரண்டு, ஹேண்ட் பிரேக் சுவிட்ச். சில மாடல்களில் ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதாகச் சுவிட்ச் சொன்னால் டிரைவ் வராது. மூன்று, ஃபார்வர்ட்-ரிவர்ஸ் லீவருக்குப் போகும் ஃபியூஸும், சோலினாய்ட் (மின்சாரத்தில் இயங்கும் வால்வ்) கனெக்டரும். மழை நீர் பட்டுப் பச்சை பூத்த கனெக்டர் பல கியர்பாக்ஸ்களை அநியாயமாக இறக்க வைத்திருக்கிறது. லீவரைப் போட்டு, கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் பழுது மின்சாரத்தில். வந்தும் ஓடாவிட்டால் உள்ளே.

குளிரில் போய், சூடானால் மட்டும் லீவர் போட்டு இரண்டு மூன்று வினாடி கழித்து உதைத்துக்கொண்டு கிளம்பினால்: ஆயில் மட்டம், ஃபில்டர், கியர்பாக்ஸ் அடியில் இருக்கும் வலை ஸ்ட்ரெய்னர். வலையில் ஒட்டியிருப்பதைக் கூர்ந்து பாருங்கள். மெல்லிய கறுப்பு விழுது கிளட்ச் தட்டு சாதாரணமாகத் தேய்வது. செதில் செதிலாகப் பழுப்புத் துண்டு இருந்தால் தட்டு உரிகிறது. இரும்புத் துணுக்கு என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

ஒரு திசையில் மட்டும் வழுக்கினால் அந்தத் திசையின் கிளட்ச் பேக் (தட்டுகளின் கட்டு) அல்லது அதன் சீல் வளையம். இரண்டிலும் வழுக்கினால் பொது அழுத்தம் அல்லது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்துவது). கிளட்ச் அழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இன்னொன்று: கியர்பாக்ஸ் ஆயில் மட்டத்தை இன்ஜின் ஓடும்போது பார்ப்பதா, நிறுத்தியபின்னா என்பது மாடலுக்கு மாடல் மாறும். தவறான முறையில் பார்த்தால் லிட்டர் கணக்கில் கூடவோ குறையவோ ஊற்றிவிடுவீர்கள்.

அறிகுறி: பிரேக் மிதி ஆழத்துக்குப் போகிறது, அல்லது பிடிக்கும்போது உறுமுகிறது

இதில்தான் நல்ல மெஷினையும் ஒரே நாளில் கெடுக்கும் தவறு நடக்கிறது. ஜேசிபி பேக்ஹோக்களின் பிரேக் ரிசர்வாயரில் ஊற்ற வேண்டியது மினரல் ஹைட்ராலிக் ஆயில். கார், லாரிக்குப் போடும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் அல்ல. டாட் ஆயில் பட்டால் உள்ளே இருக்கும் சீல் எல்லாம் உப்பிக் கெட்டுவிடும். வேறு கம்பெனி மெஷின்களில் டாட் கேட்பதும் உண்டு. ரிசர்வாயர் மூடியில் எழுதியிருப்பதே சட்டம்.

பழைய மெஷினை வாங்கியவர் முன்னவர் என்ன ஊற்றினார் என்று தெரியாமல் இருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் ரிசர்வாயர் ஆயிலை நாலு சொட்டு விடுங்கள். மேலே மிதந்தால் மினரல் ஆயில். கலந்து கரைந்தால் டாட். தப்பானது என்று தெரிந்தால் வடித்து மாற்றினால் மட்டும் போதாது, மாஸ்டர் சிலிண்டர் கிட், ஆக்ஸில் பிரேக் பிஸ்டன் சீல் எல்லாம் புதிது போட்டுத்தான் ஆக வேண்டும்.

ரிசர்வாயர் குறைகிறது, சக்கரத்தில் கசிவு இல்லை என்றால் பின் ஆக்ஸில் லெவல் பிளக்கைத் திறங்கள். அதிலிருந்து ஆயில் வழிந்து கொட்டினால், ஆக்ஸிலுக்குள் ஆயிலில் ஊறிக் கிடக்கும் பிரேக்கின் பிஸ்டன் சீல் போய் உள்ளே இறங்கியிருக்கிறது.

உறுமல் சத்தம் மட்டும், பிடிப்பு நன்றாக இருக்கிறது என்றால் ஆக்ஸிலில் சாதாரண 90 கியர் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். ஊறும் பிரேக் உள்ள ஆக்ஸிலுக்கு அதற்கென்று சேர்மானம் கலந்த ஆயில் வேண்டும். வடித்து, சரியானதை ஊற்றிச் சில நாள் ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

அறிகுறி: டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

சென்னையில் முதல் காரணம் போர் தண்ணீர். சைட்டில் கிடைக்கும் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, உள்ளே வெள்ளைப் படிவு டீ பாத்திரத்தில் படிவது மாதிரிப் படிந்திருக்கும். வெளியே எவ்வளவு காற்று அடித்தாலும் சூடு இறங்காது. டிஸ்டில்டு தண்ணீரும் கூலன்ட்டும் சரிபாதி, வேறு எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் நடுவே சிக்கிய தூசு. பழைய கட்டடம் இடிக்கும் வேலைக்குப் போன மெஷினில் சுண்ணாம்புத் தூள் ஆயில் பிசுக்கோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். முன்னால் இருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். இரண்டையும் பிரித்து, ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸில் கிட்டே வைத்துப் பீய்ச்சினால் ஃபின் மடங்கி நிரந்தரமாக அடைபடும்.

இந்த இரண்டும் இல்லையென்றால் பெல்ட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்ததும் குமிழ் குமிழாக விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட்.

ஸ்டார்ட்டிங்கும் புகையும்

சுருக்கமாகவே போதும், லாரி மெக்கானிக் எவருக்கும் தெரிந்தது. செல்ஃப் அடிக்கவே இல்லையென்றால் ஃபார்வர்ட்-ரிவர்ஸ் லீவர் நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள். நியூட்ரல் ரிலே போனாலும் இதே அறிகுறி. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி அல்லது எர்த் ஒயர். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வராவிட்டால் ஆல்டர்னேட்டர். நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகாமல், புகையும் வராவிட்டால் டீசல் போகவில்லை: ஸ்டாப் சோலினாய்ட், ஃபில்டர், காற்று. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இன்ஜினில் ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை பம்ப் அடித்துக் காற்றை எடுங்கள். தினமும் காலையில் காற்று எடுக்க வேண்டியிருந்தால் டேங்க் பக்கத்து ரப்பர் ஓஸில் வெடிப்பு இருக்கும். கறுப்புப் புகைக்கு முதலில் ஏர் ஃபில்டர், பிறகு நாசில். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் குறைகிறதா என்று கவனியுங்கள்.

அறிகுறி: பின் பக்கெட் ஆடுகிறது, "டொக்கு டொக்கு" என்று அடிக்கிறது

கடப்பாரையைக் கொடுத்து ஒவ்வொரு மூட்டாக நெம்பிப் பாருங்கள். ஆட்டம் மூட்டைக் கோக்கும் இரும்புப் பின்னிலா, அதைச் சுற்றிய புஷ்ஷிலா, புஷ் உட்காரும் ஓட்டையிலா என்று பிரிக்க வேண்டும். பின்னை உருவி, தேயாத ஓரத்தையும் தேய்ந்த நடுவையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் பின் போய்விட்டது. புஷ்ஷும் கூடவே மாற்ற வேண்டும். புதுப் பின்னைப் பழைய புஷ்ஷில் போடுவது பின்னை வீணடிப்பது. புஷ் கையால் சுழன்றால், உட்காரும் ஓட்டையே முட்டை வடிவமாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு வெல்ட் நிரப்பி லைன் போரிங் (ஓட்டையை மறுபடி நேராக அளவுக்குக் கடைவது) செய்ய வேண்டும். மெஷினை இறக்காமல், சைட்டுக்கே போரிங் பார் கொண்டுவந்து செய்கிறவர்கள் உண்டு. ஓட்டைக்குள் தகரம் சுற்றி அடித்து நிறுத்துவது ஒரு வாரத்துக்கு மேல் வராது.

புதுப் பின் கடினப்படுத்தியதா என்பதற்குக் கடையிலேயே சோதனை இருக்கிறது. அரத்தை ஓரத்தில் வைத்து ஒரு இழுப்பு. வழுக்கிக்கொண்டு போனால் நல்லது, கடித்தால் பச்சை இரும்பு. புஷ்ஷைச் சம்மட்டியால் அடித்து ஏற்றாதீர்கள். ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்துச் சுருங்கச் செய்து, போல்ட்-நட் வைத்து இழுத்து ஏற்றுங்கள். கிரீஸ் துளை நிப்பிளுக்கு நேராக நிற்கிறதா என்று ஏற்றும் முன் மார்க் செய்வது அவசியம்.

தினமும், அதாவது பத்து மணி நேரத்துக்கு ஒரு முறை கிரீஸ். கால்வாய் தூர் வாருதல், மழைநீர் வடிகால் மாதிரித் தண்ணீருக்குள் பக்கெட் போகும் வேலையென்றால் மறுநாள் காலை அல்ல, அன்று மாலையே. புது கிரீஸ் ஏறும்போது ஓரத்தில் தண்ணீரும் சேறும் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

பார்ட்ஸ் தேடுவது

கடைக்குக் கிளம்பும் முன் மெஷினின் சீரியல் தகட்டைப் போனில் படம் எடுங்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் ஒவ்வொன்றிலும் தனித் தகடு இருக்கும், அவற்றையும் சேர்த்து. பல கம்பெனிகள் ஆக்ஸிலை வெளியே வாங்கிப் பொருத்துகின்றன. அங்கே மெஷின் கம்பெனி பெயரை விட ஆக்ஸில் தகட்டின் எண் உதவும். கிர்லோஸ்கர் இன்ஜின் என்றால் அதன் டீலரிடமே போகலாம், ஜேசிபி கவுன்டருக்குப் போக வேண்டியதில்லை.

ஜேசிபி பார்ட் எண் நடுவில் சாய்கோட்டோடு வரும். டீசல்மேக்ஸ் இன்ஜின் ஆயில் ஃபில்டர் 320/04133. பின் பக்கெட் நடுப் பல் 531/03205, ஓரப் பல் வலதுக்கு 531/03208, இடதுக்கு 531/03209. எண்ணைச் சொன்னால் உள்ளூர்த் தயாரிப்பும் அதே எண்ணில் கிடைக்கும். பழைய எண் நிறுத்தப்பட்டு வேறு எண்ணாக மாறியிருப்பதும் உண்டு. "இந்த நம்பர் வரல" என்று சொன்னால் மாற்று எண் என்ன என்று கேளுங்கள், திரும்பி வந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் கம்பெனி பார்ட் வேண்டும் என்பதும் இல்லை, எல்லாவற்றிலும் லோக்கல் போதும் என்பதும் இல்லை. ஃபில்டர், பம்ப், கிளட்ச் தட்டு, பிரேக் சீல் இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். பல், பல் போல்ட், பின், புஷ், கண்ணாடி, லைட், சீட் போன்றவற்றில் நல்ல உள்ளூர்ச் சரக்கு போதும். பேரிங்கில் வெட்டியிருக்கும் எண்ணே அதன் அளவு. 30210 என்று இருந்தால் எந்த நல்ல பேரிங் கம்பெனியின் 30210-ம் பொருந்தும். ஆனால் உள் வளையம், வெளி வளையம் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஆயில் சீலிலும் 45×62×8 என்ற மாதிரி அளவு அச்சிட்டிருக்கும்: ஷாஃப்ட், ஹவுசிங், தடிமன். பிராட்வேயைச் சுற்றிய தெருக்களில் பேரிங், சீல், ஓ-ரிங் எல்லாம் அளவு சொல்லி வாங்கலாம். பைப் ஃபிட்டிங்குக்குச் செம்புதாஸ் தெரு. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் உதிரிகளுக்கு ஜி.பி. ரோடு.

ஓஸ் அடிக்கப் போகும்போது பழைய ஓஸை முழுதாகக் கொண்டு போங்கள், நீளத்தை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். இரு முனையும் வளைவாக இருந்தால் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதும் முக்கியம். அது மாறினால் ஓஸ் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். மரை விஷயத்தில் கவனம். பிஎஸ்பி, ஜேஐசி என்பவை இரண்டு வேறு மரை வகைகள். அரை இஞ்ச் பிஎஸ்பி மரைக்கு இஞ்சுக்கு 14 சுற்று, வெளி விட்டம் சுமார் 21 மில்லிமீட்டர். அரை இஞ்ச் ஜேஐசிக்கு 16 சுற்று, சுமார் 19. கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், உள்ளே கூம்பின் கோணமும் வேறு. பலம் கொடுத்து இறுக்கி மாட்டியது முதல் பாரத்தில் பீய்ச்சும். ஸ்விங் பக்கத்தில் வளைந்து வளைந்து ஆடும் ஓஸ் கட்டில் ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளதையும் பாருங்கள், எல்லாம் ஒரே வயசு.

புதுப்பேட்டையிலோ உடைத்து விற்கும் யார்டிலோ பழைய கியர் பம்ப் எடுப்பதாக இருந்தால், மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கியர் பற்கள் உடம்பின் உட்சுவரில் சக்ஷன் பக்கமாக உரசி ஒரு தடம் விட்டிருக்கும். லேசான தடம் இயல்பு. நகம் இறங்கும் ஆழத்தில் கீறல் இருந்தால், அல்லது பக்கத் தகட்டில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருந்தால் வேண்டாம். திறந்து காட்ட மாட்டேன் என்றால் பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். ஷாஃப்டின் பல்வரிசை எண்ணிக்கையும், சுற்றும் திசையும் உங்கள் பம்போடு ஒத்துப்போக வேண்டும். வலச் சுற்றுப் பம்பை இடச் சுற்று இடத்தில் மாட்டினால் முதல் ஸ்டார்ட்டிலேயே ஷாஃப்ட் சீலைத் தள்ளிவிடும்.

கழற்றிய பழைய பார்ட்டைக் கடையிலோ பட்டறையிலோ விட்டுவிட்டு வராதீர்கள். அளவு எடுக்க, அடுத்த முறை கவுன்டரில் காட்ட, அவசரத்துக்கு ஒரு ஸ்பிரிங்கோ பிளக்கோ எடுக்க அது உதவும். டீசலில் துடைத்துப் பெயின்ட் டப்பாவில் போட்டு, எந்த மாதம், எத்தனை மணி நேர மீட்டரில் கழற்றியது என்று டேக் எழுதிக் கட்டி வையுங்கள்.